குடும்பும் வார்டும்

எங்கள் தெருவின் வடபுறத்து வீடுகள் ஒரு வார்டு. தென்புறத்து வீடுகள் இன்னொரு வார்டு. எல்லைக்கோடு தார்ச்சாலையின் நடுவில் ஓடுகிறது. ஓட்டுப் போட நாங்கள் கிழக்கே பள்ளிக்கூடத்துக்குப் போவோம், எதிர்வீட்டார் மேற்கே சமூகநலக் கூடத்துக்குப் போவார்கள். கொசுப்புகை வண்டி அவர்களுக்கு ஒரு நாள் வரும், எங்களுக்கு வேறொரு நாள். சாலையில் பள்ளம் விழுந்தால் அது எந்தப் பாதியில் விழுந்தது என்று பார்த்துத்தான் மனு எழுத வேண்டும். இருபது வருடமாக இப்படியொரு தெருவில் குடியிருந்ததில், வார்டு என்பது என்ன என்ற கேள்வி எனக்குள் ஊறிப்போய்விட்டது. முறையாக விடை சொல்லிப் பார்க்கும் முயற்சி இது.

பெயருக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சிக் காகிதங்களில் ‘கோட்டம்’ என்றும் ‘வார்டு’ என்றும் இருக்கும். கட்சிக்காரர்கள் ‘வட்டம்’ என்பார்கள். வட்டச் செயலாளர் இல்லாத கட்சிக்கு அந்த வார்டில் வேரில்லை என்று பொருள். சட்டம் மாமன்ற உறுப்பினர் என்று சொல்பவரைத் தெரு கவுன்சிலர் என்று மட்டுமே கூப்பிடும். பெயரை வைத்துப் பொருளைப் பிடிக்க முடியாது என்பதால் நான் தொல்காப்பியத்தின் வழியில் போகிறேன். அது ஒரு நிலத்தைப் பேசும்போது மூன்றைச் சேர்த்துப் பேசுகிறது: நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்த நிலத்தில் பிறந்து வாழ்வனவாகிய கருப்பொருள், அங்கே மனிதர் நடந்துகொள்ளும் முறையாகிய உரிப்பொருள். வார்டு அரசியலை எழுதுபவர்கள் பெரும்பாலும் கட்சியையும் காண்டிராக்டையும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது குறிஞ்சியை விட்டுவிட்டு வெட்சியை மட்டும் பாடுவது போல. ஒரு வார்டுக்கும் இந்த மூன்று பொருளும் உண்டு என்பது என் துணிபு.

முதலில் நிலம். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம் போன்ற நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் கரைந்து சென்னைக்குள் வந்தன. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. கூடியது போலத் தோன்றினாலும், பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. மீதி 93 புதிய பகுதிகளுக்குப் போயின. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் விரிந்த மாநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். இருநூறால் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். கிராமத்தில் இத்தனை பேருக்குப் பல ஊராட்சித் தலைவர்கள் இருப்பார்கள், ஒவ்வொரு தலைவருக்கும் வார்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். நகரத்தில் ஒருவர்தான்.

அடுத்து பொழுது. வார்டின் பெரும்பொழுது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம். மற்ற ஒன்பது மாதம் செய்ததும் செய்யாததும் அந்த மூன்று மாதத்தில் முழங்கால் அளவுக்கு எழுந்து நிற்கும். சிறுபொழுது விடியல். சின்டெக்ஸ் தொட்டியருகே குடங்கள் வரிசை பிடித்திருக்கும், தூய்மைப் பணியாளர்கள் பேட்டரி வண்டியை ஓட்டி வருவார்கள். வார்டின் உண்மை நிலவரத்தைக் காலை ஆறு மணிக்குள் அறியாதவர் பிறகு எத்தனை கூட்டம் நடத்தினாலும் அறியமாட்டார்.

கருப்பொருளை விரித்தால் முடியாது: முச்சந்திப் பிள்ளையார், அம்மா உணவகம், டீக்கடை பெஞ்ச், தூங்குமூஞ்சி மரம், நாய், மாடு. ஆனால் இவற்றுக்கு மேலும் கீழும் இருப்பவற்றைப் பற்றி நிறுத்திச் சொல்லியாக வேண்டும். தெருவை ஒரு கேக்கைப் போல மேலிருந்து கீழே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக வெவ்வேறு அரசுகள் தெரியும். உச்சியில் மின்கம்பி, அது மின்வாரியத்தின் பொறுப்பு. அதே வரிசையில் நிற்கும் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. கம்பியில் உரசும் மரமும் மாநகராட்சியுடையது. சாலை மாநகராட்சியுடையதுதான், ஆனால் பஸ் ஓடும் சாலையை ஒரு துறையும் உட்புறச் சாலையை மண்டல அலுவலகமும் பார்க்கின்றன. சாலையோரத்து மழைநீர் வடிகால் மாநகராட்சி. அதற்கு நாலடி தள்ளி இருக்கும் மேன்ஹோலும் அதற்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் குடிநீர் வாரியத்துடையவை. இவற்றுக்கு இடையே தொலைபேசி கம்பெனிகளின் கேபிள்கள் செருகப்பட்டிருக்கும்.

கழிவுநீர் இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது, சாலையில் வழிகிறது, மழைநீர் வடிகாலுக்குள் இறங்குகிறது. கீழே இருந்தவரை அது ஒரு துறையின் பிரச்சினை. மேலே வந்ததும் இன்னொரு துறையின் பிரச்சினை. நடுவில் நிற்கும் வீட்டுக்காரருக்கு அது ஒரே நாற்றம். அவர் போய் நிற்கும் இடம் கவுன்சிலர் வாசல். கவுன்சிலருக்கு அந்தக் குழாயின்மேல் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் போன் செய்யலாம், கெஞ்சலாம், சத்தம் போடலாம், லாரி அனுப்பச் சொல்லலாம். உத்தரவு போட முடியாது.

இந்த இடத்தில் ‘வாரியம்’ என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். இப்படி வந்தவர்களைக்கொண்டு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினர்களுக்கும் அடுத்த குடத்தில் இடமில்லை.

இதைச் சொல்லும்போது சிலர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்குத் தேர்தல் இருந்தது என்று நெஞ்சு நிமிர்த்துவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. குடவோலை குலுக்கல், ஓட்டு அல்ல. சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேதக்கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. நிலமில்லாத உழவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இன்று எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளும் பெண்ணுக்கு இருக்கும் ஓட்டு உத்திரமேரூர்ச் செல்வந்தரின் மனைவிக்கும் இருந்ததில்லை. அந்தக் கல்வெட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டே செய்திகள். வாரியம் குடும்பிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. கணக்குக் காட்டாதவர் திரும்பி வரக்கூடாது என்பது மற்றொன்று.

இப்போது வாரியம் என்ற சொல் இருக்கிறது; அதன் பின்னால் குடும்பு இல்லை. குடிநீர் வாரியத்தின் நிர்வாகத்தை எந்த வார்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அது மாநில அரசின் கீழ் இயங்குகிறது. எப்போதுமே இப்படி இருந்ததா என்றால் இல்லை. சென்னையின் தண்ணீர் மாநகராட்சியின் கையில் இருந்தது. 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி தண்ணீர்ப் பஞ்சத்தைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டு அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். 1940-இல் பூண்டியில் நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1944-இல் அது முடிந்தது. முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. அதற்கும் முன்னால், 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மன்றம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. இன்று நாடே பேசும் ஒரு திட்டத்தின் விதை, ஒரு பகுதிப் பள்ளியைப் பற்றிய மன்றத் தீர்மானம். வயிற்றுப் பசியையும் தண்ணீரையும் தன் வேலையாக நினைத்த மன்றங்கள் இந்த ஊரில் இருந்தன என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

பிறகு நடந்தது 1973. கூலியாட்களின் வருகைப் பட்டியலான மஸ்டர் ரோலைப் போலியாகக் காட்டிப் பணம் எடுத்த ஊழல் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. திருடியவர்களைத் தண்டித்து, புதுத் தேர்தல் நடத்தியிருக்கலாம். அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல், ஒரு தலைமுறை பிறந்து ஓட்டுரிமை பெறும் காலம், சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை. குடிநீர் வாரியம் அமைந்தது 1978-இல். தண்ணீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையைவிட்டுப் போனபோது, போகட்டும் என்றோ கூடாது என்றோ சொல்ல மன்றத்தில் ஒரு நாற்காலியில்கூட ஆளில்லை. நிபுணர்களிடம் தண்ணீரை ஒப்படைப்பதற்கு நியாயம் இருந்திருக்கலாம். பெரிய குழாய்களை வார்டு வார்டாகப் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்காமலே எடுத்ததுதான் என் வருத்தம்.

1993 ஜூன் 1-இல் அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நகர மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று அது தெளிவாக எழுதியது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. இனி 1973 திரும்பாது என்று நம்பினோம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல், பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர்நீதிமன்றத்தால் ரத்தானது. வழக்கின் நியாயம் பெரியது. ஆனால் அதைச் சரிசெய்து தேர்தல் நடத்த ஐந்தாண்டுக்கு மேல் ஆனது. 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர்தான் மன்றம்.

அந்த ஐந்தாண்டில் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020-இல் கொரோனா. 2021 நவம்பரில் தியாகராய நகர் வெள்ளக்காடானது. மூன்றிலும் வார்டுக்கு ஒரு முகம் கிடையாது. எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்கு யாரிடம் சொல்வது என்பதே அந்தக் கோடையில் பெரிய விசாரணையாக இருந்தது. அதிகாரிகள் உழைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொரோனாவில் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வந்தவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒரு உதவிப் பொறியாளர் மாற்றலில் போனால் அவரோடு தெருவின் நினைவும் போய்விடுகிறது. கவுன்சிலர் எங்கும் போகமாட்டார். அவர் வீட்டிலும் அதே குழாய், அதே தண்ணீர்.

இங்கே உரிப்பொருளுக்கு வருகிறேன். முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல் போல வார்டுக்கு உரியது முறையிடுதல். முறையிடுதலும் அதற்கான நிமித்தங்களும்தான் வார்டின் வாழ்க்கை. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டார் கழிவுநீரை வடிகாலில் விட்டிருக்கிறார்கள், பையனுக்குப் பள்ளியில் இடம் வேண்டும், பாட்டி இறந்துவிட்டார், ஐஸ் பெட்டி உடனே வேண்டும். மாநகராட்சிக்கு 1913 என்று ஒரு புகார் எண் இருக்கிறது (ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே, உள்ளாட்சிக்காக 1882-இல் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரைத்தான் அந்தக் கட்டடம் தாங்கியிருக்கிறது). அந்த எண்ணை அழைத்தால் புகாருக்கு ஒரு எண் தருவார்கள். நல்ல ஏற்பாடு, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் சாவு வீட்டில் நிற்பவருக்குப் புகார் எண் தேவைப்படுவதில்லை. எழுந்து வரும் ஒரு ஆள் தேவைப்படுகிறார். முறையிடுதலுக்கு இரண்டு பேர் வேண்டும். கேட்பவர் இல்லாத முறையீடு புலம்பலாகத் தேய்ந்துவிடும்.

என் நண்பர்களில் படித்தவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. கவுன்சிலர் இல்லாத காலமே நிம்மதியாக இருந்தது என்கிறார்கள். வீடு கட்ட மணல் இறக்கினால் ஆள் வந்து நிற்கிறது, போர் போட லாரி நுழைந்தால் பேரம் தொடங்குகிறது, இதற்கா ஓட்டு என்று கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. செங்கல்லுக்கு வரி வாங்குபவரை நான் எந்தக் காரணம் சொல்லியும் காப்பாற்றமாட்டேன். அவர்கள் சொல்லும் மருந்துதான் 1973-இல் கொடுக்கப்பட்டது. கணக்கைக் கேட்பதற்குப் பதிலாகக் கணக்குக் காட்ட வேண்டியவரையே அகற்றினார்கள். அதற்குப் பிறகும் ரோடு போட்டார்கள், எஸ்டிமேட் எழுதினார்கள், பில் பாஸானது. கேட்க மட்டும் யாரும் இல்லை. இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வாக்குச்சாவடிப் பக்கம் போவதும் இல்லை. 2022 தேர்தலில் மாநிலமெங்கும் நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஓட்டு விழுந்தபோது சென்னையில் விழுந்தது 43 விழுக்காட்டை ஒட்டித்தான். ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த தேர்தல் அது. என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வந்தவர்களுக்கும் சோதனை உடனே வந்தது. மார்ச்சில் பதவியேற்றார்கள், ஏப்ரல் தொடக்கத்திலேயே 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்து வரி உயரும் என்று மாநில அரசு அறிவித்தது. கேள்வி வந்து நின்றது கவுன்சிலர் வாசலில். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். 33 ஆயிரம் பேரின் முறையீட்டைக் கேட்கும் முழுநேர வேலைக்கு அது ஒரு நேர்மையான குடும்பத்தை நடத்தப் போதாது. இந்த ஊதியத்தில் வேலை கேட்டு வருபவர்கள் யார் யாராக இருக்க முடியும் என்று நாம் யோசித்திருக்கிறோமா?

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமானது. 1957-இல் தாரா செரியன், 1971-இல் காமாட்சி ஜெயராமன் என்று இரண்டு பெண்களை மட்டும் மேயர் நாற்காலியில் பார்த்த சென்னைக்கு 2022-இல் பிரியா மூன்றாமவராக வந்தார்; அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். வார்டு மட்டத்தில் இன்னும் ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’ என்றொரு பதவி நடக்கிறது. சட்டத்தில் இல்லாத அந்தப் பதவிக்கு நாமும் மரியாதை கொடுத்துவருகிறோம். மனைவி இருக்கும்போதே கணவரிடம் மனுவை நீட்டுவது நாம்தான். ஆனால் முதல் வருடம் கணவருக்குப் பின்னால் நின்றவர் மூன்றாம் வருடம் மேன்ஹோல் பக்கத்தில் தனியாக நின்று பொறியாளரிடம் குழாயின் விட்டம் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பாதி இடம் கொடுத்ததற்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. குடியரசு நாளிலும் மே நாளிலும் சுதந்திர நாளிலும் காந்தி பிறந்தநாளிலும் கூடி வரவு செலவைக் கேட்கலாம். நகரத்தாருக்கு அப்படியொன்று 2022 வரை இல்லை. அந்த வருடம் பகுதி சபைக்கும் வார்டுக் குழுவுக்கும் விதிகள் வந்தன. நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று சபைகள் கூடின. பகுதிப் பிரதிநிதிகளைத் தெரு தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அது குறைதான். கூட்டம் நடப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆனாலும் முப்பது குடும்புகளின் காலத்துக்குப் பிறகு, ஒரு தெருக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தன் வார்டின் கணக்கைக் கேட்கச் சட்டத்தில் ஒரு இடம் திறந்திருக்கிறது. அங்கே மாநகராட்சிப் பொறியாளரோடு வாரியத்தின் பொறியாளரும் வந்து உட்கார வேண்டும்; வார்டில் போட்ட ஒவ்வொரு ரோட்டின் எஸ்டிமேட்டையும் பில்லையும் வாசிக்க வேண்டும்; வாசிக்காதவருக்கு அடுத்த முறை சீட்டுக் கொடுக்கக்கூடாது என்று கட்சிகளிடம் நாம் கேட்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

போன வருடம் எதிர்ப்புறத்து வார்டின் பகுதி சபை பூங்காவில் கூடியது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு துணிப்பையில் ஏழு வருடத்து மனு நகல்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன். இருபது பேர் இருந்திருப்போம். பதிவேடு எழுதிய இளைஞர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த வார்டும்மா நீங்க?”

“நாங்க அந்தப் பக்கம்ப்பா. மேன்ஹோலு நடு ரோட்ல இருக்கு.”

“அப்போ நீங்க உங்க வார்டு மீட்டிங்லதான்...”

“அங்கயும் போய்ச் சொன்னேன். இங்க வரச் சொன்னாங்க.”

தென்புறத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து, அந்த மேன்ஹோல் பொங்கினால் தண்ணீர் முதலில் வருவது தன் வீட்டு வாசலுக்குத்தான் என்றார். அக்கா பையிலிருந்து பழைய நகல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் தேதி வரிசையில் அடுக்கினார். கவுன்சிலர் எட்டி வாங்கி முதல் தாளைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மூன்றாவதில் நிறுத்தி வாரியத்துப் பொறியாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். இளைஞர் எழுதினார். வார்டு எண் போடும் கட்டத்தில் பேனாவை நிறுத்தி, அக்காவைப் பார்த்து, பிறகு இரண்டு எண்களையும் எழுதினார்.